ஓடாமல் நின்றாலும் மாதம் ரூ.9 ஆயிரம்! கார் வாங்கும் சிப்காட் தொழிலாளர்கள் போட வேண்டிய கணக்கு

கும்மிடிப்பூண்டி,

ஒரு காலத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு காரில் வந்தவர்கள் முதலாளியும் மானேஜரும்தான். மற்றவர்களுக்கு கம்பெனி பஸ், இல்லாவிட்டால் ரெயில், அதுவும் இல்லாவிட்டால் டூ வீலர்.

இப்போது நிலைமை மாறி விட்டது. சூபர்வைசர், மெஷின் ஆபரேட்டர், காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவர் என்று எல்லோரும் லோன் போட்டு கார் எடுக்கிறார்கள். பழைய காராவது ஒன்று வாசலில் நிற்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

இதில் தப்பு எதுவும் இல்லை. நைட் ஷிப்டு முடிந்து கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மழையில் டூ வீலர் ஓட்டுவதும், மனைவி, 2 பிள்ளைகளோடு ஒரே வண்டியில் போவதும் எவ்வளவு ஆபத்து என்பது நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு தெரியும். ராத்திரி 2 மணிக்கு பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டிய அவசரமும் எந்த வீட்டுக்கும் வரலாம்.

ஆனால் ஷோரூமில் சொல்லும் விலையும், மாத தவணையும் மட்டும்தான் காரின் செலவு என்று நினைத்து கையெழுத்து போட்டு விட்டு, பிறகு மாதா மாதம் திண்டாடும் குடும்பங்களும் இருக்கின்றன. ஒரு கார் மாதம் உண்மையில் எவ்வளவு தின்கிறது? இதுபற்றிய விவரம் வருமாறு:-

கார் தயாரிக்கும் மாவட்டம்

திருவள்ளூர் மாவட்டத்துக்கு கார் புதுசு இல்லை. திருவள்ளூர் அருகே உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998-ம் ஆண்டு மிட்சுபிஷி லான்சர் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு அந்த தொழிற்சாலை பிரான்சு நாட்டு நிறுவனத்தின் கைக்கு மாறி, 2021-ல் சிட்ரோன் சி5 ஏர்கிராஸ் காரும், 2022-ல் சி3 காரும் அங்கிருந்து வந்தன. எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்கும் கார்கள் கப்பல் ஏறுகின்றன.

சென்னை பெருநகர பகுதியின் எல்லையும் 2022 அக்டோபரில் 1,189 சதுர கி.மீ.யில் இருந்து 5,904 சதுர கி.மீ.யாக விரிவுபடுத்தப்பட்டது. திருவள்ளூர் மாவட்ட கிராமங்கள் பல இதற்குள் வந்து விட்டன. சென்னை விலைவாசி நம்ம ஊருக்கும் வந்து கொண்டிருக்கிறது. வீட்டு வாடகை ஏறுகிறது. கார் நிறுத்த இடம் உள்ள வீடு என்றால் வாடகை இன்னும் கூடுதல்.

ஷோரூம் விலை வேறு, ரோட்டு விலை வேறு

எக்ஸ் ஷோரூம் விலை ரூ.6 லட்சம் உள்ள ஒரு சின்ன பெட்ரோல் காரை எடுத்துக் கொள்வோம்.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. அதற்கு முன்பு 28 சதவீதமும், அதன் மேல் செஸ் வரியும் இருந்தது. 4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கும், அதே நீளத்துக்குள் 1,500 சி.சி.க்குள் உள்ள டீசல் கார்களுக்கும்தான் இந்த சலுகை. அதை விட பெரிய கார்களுக்கு 40 சதவீதம்.

மத்தியில் வரி குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2023 நவம்பரில், சாலை வரி உயர்ந்து விட்டது. முன்பு ரூ.10 லட்சம் வரை உள்ள கார்களுக்கு ஆயுட்கால வரி 10 சதவீதம். 2023 உயர்வில் ரூ.5 லட்சம் வரை 12 சதவீதம், ரூ.5 லட்சம் முதல் ரூ.10 லட்சம் வரை 13 சதவீதம், ரூ.20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆனது.

ஆக, ரூ.6 லட்சம் காருக்கு முன்பு ரூ.60 ஆயிரமாக இருந்த வரி ரூ.78 ஆயிரம் ஆகி விட்டது. திருவள்ளூர் ஆர்.டி.ஓ.வின் டி.என்.20 நம்பர் வாங்கினாலும், செங்குன்றத்தின் டி.என்.18 நம்பர் வாங்கினாலும் இதே வரிதான்.

இதோடு இன்சூரன்சும் சேரும். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1-ந்தேதி முதல் புது காருக்கு 3 வருட 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்சை மொத்தமாக கட்ட வேண்டும். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை ரூ.6,521, அதற்கு மேல் 1,500 சி.சி. வரை ரூ.10,640. இதற்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. காரின் சேதத்துக்கான இன்சூரன்ஸ் தனி.

எல்லாம் சேர்த்து இன்சூரன்சுக்கு ரூ.30 ஆயிரம், பதிவு கட்டணம், பாஸ்டேக், மிதியடி, சீட் கவர் வகையில் ரூ.7 ஆயிரம் என்று வைத்துக் கொண்டால், ரூ.6 லட்சம் கார் ரோட்டுக்கு வரும்போது ரூ.7 லட்சத்து 15 ஆயிரம்.

84 மாத தவணை

முன்பணம் ரூ.1 லட்சத்து 15 ஆயிரம் போக, மீதி ரூ.6 லட்சத்துக்கு லோன். வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக் கொள்வோம்.

7 வருட தவணை என்றால் மாதம் சுமார் ரூ.9,800. ஷோரூமில் இந்த தொகையைத்தான் முதலில் காட்டுவார்கள். '10 ஆயிரத்துக்குள்ளதானே சார்' என்றதும் மனசு சாய்ந்து விடும்.

இதையே 5 வருட தவணையாக போட்டால் மாதம் சுமார் ரூ.12,600. கேட்க அதிகமாக இருக்கும். ஆனால் 7 வருட லோனில் மொத்த வட்டி சுமார் ரூ.2.24 லட்சம். 5 வருட லோனில் ரூ.1.56 லட்சம். 2 வருடம் தள்ளிப் போட்டதற்கு கொடுக்கும் விலை சுமார் ரூ.68 ஆயிரம்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 7 வருட லோனில் 3 வருடம் ஒழுங்காக கட்டியவர் மொத்தம் ரூ.3.53 லட்சம் கட்டி இருப்பார். ஆனால் அசலில் கழிந்தது சுமார் ரூ.2.10 லட்சம்தான். பாக்கி இன்னும் ரூ.3.90 லட்சம் இருக்கும். அந்த நேரத்தில் வேலை போய், காரை விற்றாவது கடனை அடைக்கலாம் என்று பார்த்தால், விற்ற பணம் கடனுக்கே சரியாக போய் விடலாம். கட்டிய முன்பணம் கையில் வராது.

காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் சில மாதங்களுக்கு. தவணையோ 84 மாதங்களுக்கு.

கையில் இருந்து போவது எவ்வளவு?

பொன்னேரியில் குடியிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு தினமும் காரில் போய் வருபவர், வீட்டு வேலைக்கும் சேர்த்து மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். மைலேஜ் லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் விலை கணக்குக்கு லிட்டர் ரூ.100.

பெட்ரோல் - ரூ.6,670

சர்வீஸ், டயர் - ரூ.1,250

அடுத்தடுத்த வருட இன்சூரன்ஸ், மாத சராசரி - ரூ.1,000

டோல், பார்க்கிங், வாட்டர் வாஷ் - ரூ.500

மொத்தம் சுமார் ரூ.9,400. இதோடு தவணை ரூ.9,800-ஐ சேர்த்தால் மாதம் ரூ.19,200 கையை விட்டு போகிறது. அதாவது தவணை அளவுக்கு இன்னொரு தவணை! மாதம் ரூ.30 ஆயிரம் கையில் வாங்குபவர் என்றால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கார் கொண்டு போய் விடும்.

டயர் செலவை பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 4 டயர் ரூ.20 ஆயிரம், 40 ஆயிரம் கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்றால், ஒவ்வொரு கி.மீ.க்கும் 50 பைசா டயருக்கே போகிறது.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதும் மைலேஜை கொஞ்சம் குறைக்கும். அதற்கேற்ப வடிவமைக்காத பழைய கார்களில் 3 முதல் 6 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் கூறி இருந்தது.

நின்றாலும் செலவு

இனி வருவதுதான் முக்கியமான கணக்கு. கார் ஓடினால்தான் செலவு, நிறுத்தி வைத்தால் மிச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

ரூ.7.15 லட்சத்துக்கு எடுத்த காரை 7 வருடம் கழித்து ரூ.2.5 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். மதிப்பில் குறைந்தது ரூ.4.65 லட்சம். அதை 84 மாதத்துக்கு பிரித்தால் மாதம் சுமார் ரூ.5,540. லோன் வட்டி மாத சராசரி ரூ.2,660. இன்சூரன்ஸ் ரூ.1,000. ஆக மொத்தம் ரூ.9,200. ஒரு சொட்டு பெட்ரோல் போடாமல், தார்ப்பாய் போட்டு மூடி வைத்தாலும் இந்த செலவு உண்டு.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இந்த தேய்மானம், வட்டியோடு எல்லா செலவையும் சேர்த்தால் கி.மீ.க்கு சுமார் ரூ.17.60 ஆகிறது.

கம்பெனி பஸ்சிலோ ரெயிலிலோ வேலைக்கு போய் விட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் எடுப்பவர் மாதம் 300 கி.மீ. ஓட்டுகிறார் என்றால், பெட்ரோல் ரூ.2,000, சர்வீஸ், டயர் ரூ.750, மற்ற செலவு ரூ.300 சேர்த்து மொத்தம் ரூ.12,250 வருகிறது. அதாவது கி.மீ.க்கு ரூ.40-க்கு மேல்!

இந்த தொகையை கால் டாக்சி, டிராவல்ஸ் கார் கேட்கும் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 2, 3 முறை மட்டும் கார் தேவைப்படும் வீட்டுக்கு வாடகை கார்தான் கட்டுப்படியாகும் என்பது புரியும். வேலைக்கு போக சென்னை சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி புறநகர் ரெயில் சீசன் டிக்கெட் இருக்கிறது. டூ வீலரில் போனாலும் மாதம் 750 கி.மீ.க்கு பெட்ரோல் ரூ.1,700 அளவில்தான் ஆகும். காருக்கு அதே தூரத்துக்கு ரூ.5 ஆயிரம்.

டோல்கேட்டில் எந்த பாஸ்?

செங்குன்றம் பக்கம் இருந்து கும்மிடிப்பூண்டி வருபவர்கள் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் நல்லூர் டோல்கேட்டை தாண்ட வேண்டும். திருவள்ளூரில் இருந்து திருப்பதி சாலையில் போனால் பட்டரைபெரும்புதூர் டோல்கேட்.

2025 ஆகஸ்டு 15-ந்தேதி ரூ.3 ஆயிரம் கட்டணத்தில் பாஸ்டேக் வருடாந்திர பாஸ் அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 முறை, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். எப்போதாவது ஊருக்கு போகிறவர்களுக்கு இது லாபம்.

ஆனால் தினமும் டோல்கேட்டை தாண்டி வேலைக்கு போகிறவருக்கு மாதம் 25 நாள், போக வர 50 முறை. 4 மாதத்திலேயே 200 முறை தீர்ந்து விடும். ஒரு வருடத்துக்கு 3 பாஸ், அறிமுக கட்டணப்படி ரூ.9 ஆயிரம்.

டோல்கேட்டில் இருந்து 20 கி.மீ. சுற்றளவில் வசிப்பவர்களுக்கு தனியாக உள்ளூர் மாத பாஸ் உண்டு. சொந்த காருக்கு மட்டும். 2025-26 நிதி ஆண்டில் இதன் கட்டணம் மாதம் ரூ.350. வருடத்துக்கு ரூ.4,200 தான். எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். வீட்டு முகவரிக்கான ஆதாரமும் ஆர்.சி.யும் கொண்டு போய் டோல்கேட் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

வருடாந்திர பாஸ் தேசிய நெடுஞ்சாலை, தேசிய விரைவு சாலைகளுக்கு மட்டுமே. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்ட சாலை மாநில அரசின் சாலை என்பதால் அங்கு இது செல்லாது.

வெள்ளத்தில் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்

2023 டிசம்பர் 3, 4-ந்தேதிகளில் மிக்ஜம் புயல் மழையில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் தத்தளித்தது யாருக்கும் மறந்திருக்காது. தெருவில் நிறுத்தி இருந்த கார்கள் தண்ணீரில் மூழ்கின.

வெள்ள சேதத்துக்கு இன்சூரன்ஸ் கிடைக்கும். ஆனால் 'தேர்டு பார்ட்டி' மட்டும் போட்டு இருந்தால் ஒரு பைசா கிடைக்காது. காருக்கும் சேர்த்து முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து, அதனால் என்ஜினுக்குள் தண்ணீர் போய் கெட்டால் சாதாரண பாலிசியில் என்ஜின் செலவு தர மாட்டார்கள். அதற்கு 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பை சேர்த்து இருக்க வேண்டும்.

ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு ஓரங்களிலும் தாழ்வான இடங்களிலும் குடியிருப்பவர்கள் இந்த கூடுதல் பாதுகாப்பை வாங்குவது நல்லது. தண்ணீர் வடிந்ததும் சாவியை போட்டு பார்க்காமல், பேட்டரி இணைப்பை கழற்றி விட்டு, கட்டி இழுத்துத்தான் ஒர்க்ஷாப்புக்கு கொண்டு போக வேண்டும்.

சின்ன கீறலுக்கெல்லாம் கிளைம் போடுவதும் நஷ்டம். கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், 5 வருடம் ஆனால் 50 சதவீதம் வரை காருக்கான பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. பாலிசி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த தள்ளுபடி அத்தனையும் போய் விடும். இன்சூரன்சே இல்லாமல் ஓட்டி போலீசில் சிக்கினால் முதல் முறை ரூ.2 ஆயிரம், அடுத்த முறை ரூ.4 ஆயிரம் அபராதம்.

பழைய கார் வாங்கினால்...

பழைய காரில் மதிப்பு சரிவது குறைவு. அதனால் வேலைக்கு புதிதாக சேர்ந்தவர்கள் 5, 6 வருட காரை ரொக்கமாக வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் சில விஷயங்களை பார்க்க வேண்டும்.

ஆர்.சி.யில் பழைய லோன் பாக்கி நீக்கப்பட்டு இருக்கிறதா, இ-சலான் அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்பதை பரிவாஹன் இணையதளத்தில் பார்க்கலாம்.

விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் பெயர் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்து உள்ளது. எனவே காரை விற்பவர்களும் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது.

15 வருடம் ஆன காருக்கு பதிவை புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் ரூ.5 ஆயிரம் ஆனது. 20 வருடத்தை தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. விலை மலிவு என்று ரொம்ப பழைய காரை எடுப்பவர்கள் இதையும் சேர்த்து கணக்கு போட வேண்டும்.

தவணை கட்ட வழி தேடி, ஓன் போர்டு காரை வாடகைக்கு விடுவோரும் இருக்கிறார்கள். இது சட்டப்படி குற்றம். வாடகைக்கு போன நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை மறுத்து விடலாம்.

சிங்கப்பூரில் எப்படி?

கார் வைத்திருக்க உலகிலேயே அதிகம் செலவாகும் ஊர்களில் ஒன்று சிங்கப்பூர். அங்கு 1990-ம் ஆண்டு முதல் கார் வாங்கும் முன்பு ஏலத்தில் உரிமை சான்றிதழ் எடுக்க வேண்டும். 10 வருடம்தான் செல்லும். 2025 அக்டோபரில் சின்ன கார்களுக்கான சான்றிதழ் மட்டும் 1 லட்சத்து 28 ஆயிரம் சிங்கப்பூர் டாலரை தாண்டியது. காரின் விலை அதற்கு மேல்.

அங்கு செலவு முதல் நாளே கண்ணுக்கு தெரிந்து விடுகிறது. கட்டுப்படியாகாதவர் ரெயிலிலும் பஸ்சிலும் போய் விடுகிறார். நம்ம ஊரில் அப்படி இல்லை. முன்பணம் கொஞ்சம் இருந்தால் சாவி கைக்கு வந்து விடுகிறது. செலவு பிறகு மாதா மாதம் துண்டு துண்டாக வருகிறது.

கையெழுத்து போடும் முன்

எனவே கார் எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு மாதம் எத்தனை கி.மீ. போக வேண்டி இருக்கிறது என்பதை நோட்டில் எழுதி பார்க்கலாம். 300, 400 கி.மீ.தான் என்றால் வாடகை கார் போதும். தினமும் ஓடும் என்றால், தவணையை இரண்டால் பெருக்கி, அந்த தொகையை 6 மாதம் தனியாக எடுத்து வைத்து பார்க்கலாம்.

மேலே சொன்ன காருக்கு அது மாதம் ரூ.19 ஆயிரத்து சொச்சம். வீட்டு வாடகை, பள்ளிக்கூட பீஸ், மளிகை கடை பாக்கி எதுவும் நிற்காமல் 6 மாதம் சேர்க்க முடிந்தால் கார் அந்த குடும்பத்துக்கு தாங்கும். சேர்ந்த ரூ.1 லட்சத்து 15 ஆயிரம் அப்படியே முன்பணத்துக்கும் ஆகி விடும். மூன்றாவது மாதமே கை வைக்க வேண்டி வந்தால், காரை இப்போதைக்கு தள்ளிப் போடுவதே நல்லது.